பாலிங்கில் பதினான்கு பெட்டிகள்

பாலிங்கில் என்னை முதலில் வரவேற்றது ஒரு நாற்றம். மனிதர்கள் அதற்குப் பிறகுதான் வந்தார்கள்.

என்னை ஏற்றிவர ரப்பர் தொழிற்சாலை அனுப்பிய வேன், ஊருக்குப் பத்துக் கிலோமீட்டர் இருக்கும்போது ரப்பர் மரங்களுக்கு நடுவே இருமிவிட்டு நின்றுபோனது. ஓட்டிவந்த மலாய்க்காரப் பெரியவர் முன்மூடியைத் திறந்தார், பார்த்தார், மூடினார். பிறகு மர நிழலில் உட்கார்ந்து சிகரெட்டைப் பற்றவைத்து, "கொஞ்ச நேரம்தான்" என்று சைகையால் காட்டினார். அந்தக் கொஞ்ச நேரம் முக்கால் மணி நேரம் நீண்டது. என் மடியில், ஆலைக்காக நான் கொண்டுவந்த பதினாறு மின்னணு மாட்யூல்கள் கொண்ட அட்டைப்பெட்டி. கல்யாண வீட்டில் நகைப்பெட்டி ஒப்படைக்கப்பட்ட சித்தப்பாவைப் போல அதைக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் அந்த நாற்றம் வந்தது. புளித்த மோரும் செத்த எலியும் ஒரே அறையில் குடியிருந்தால் எப்படி இருக்கும், அப்படி. அதற்குப் பின்னாலேயே ஒரு லாரி வந்து நின்றது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து ஒருவர் தலையை நீட்டினார்.

"அண்ணே, நீங்கதானே கோயம்புத்தூர் இஞ்சினியர்? ஏறுங்க லா. இந்த வேன் இன்னிக்கி எந்திரிக்காது."

அவர் பெயர் அன்பழகன். லாரி நிறைய ஒட்டுப்பால். ரப்பர் மரத்துக் கிண்ணத்தில் வடிகிற பால் தானாக உறைந்து கட்டியானால் அதற்கு அந்தப் பெயர். தோட்டம் தோட்டமாகப் போய் அதை அள்ளிக்கொண்டு வந்து தொழிற்சாலையில் கொட்டுவது இவர் வேலை. நான் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டதைப் பார்த்துச் சிரித்தார்.

"ரெண்டு நாள்ல மூக்கு பழகிடும் அண்ணே. மூணாவது நாள் இந்த வாசம் இல்லன்னா சோறு எறங்காது."

வழியில் அவரே பேச்சை எடுத்தார். "ஃபேக்டரியில சார்ஜ்மேன் யாரு தெரியுமா? என் வீட்டுக்காரி. பரமேஸ்வரி." சார்ஜ்மேன் என்றால் தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கிய மின்பொறுப்பாளர், பெண்ணானாலும் பதவியின் பெயர் அதுதான். "ஆறு வருசமா கொன்ட்ரெக்ட்லயே இருக்கா. நீங்க போடப்போற இந்தப் புது சாமான் ஒழுங்கா ஓடிச்சின்னா அவள இங்கயே நிரந்தரமாக்குறேன்னு மேனேஜர் சொல்லியிருக்காரு. ஓடலன்னா மெயின்டனன்ஸ வெளி கம்பெனிக்குக் குடுத்துட்டு, அவள ஜொகூர் ஃபேக்டரிக்கு மாத்திடுவாங்க."

"ஜொகூர் எவ்வளவு தூரமுங்க?"

"நாட்டோட அந்தக் கோடி அண்ணே. அவ அங்க, நான் இங்க இந்த ஒட்டுப்பாலோட. பாத்து செய்யுங்க."

வாயைப் பொத்திக்கொண்டு வந்திருக்கலாம். நான் கைக்குட்டையை எடுத்துவிட்டு, "இருபத்தாறு வருச சர்வீசுங்க. ரெண்டே நாள்ல முடிச்சுக் குடுத்துடறேன்" என்றேன். ஆலைகளின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைத் திறந்து மூடியே தலை நரைத்தவன் நான். அந்த நரைக்கு ஒரு கர்வம் உண்டு.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடுமுறைதானே என்று தோட்டத்து விருந்தினர் அறையில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தேன். ஏழு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. திறந்தால், கையில் ஹெல்மெட்டோடு, சட்டைப்பையில் டெஸ்டர் செருகிக்கொண்டு ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும்.

"அண்ணே, நான் பரமேஸ்வரி. பசியாறிட்டீங்களா?"

பசி ஆறியதா என்று இவ்வளவு அக்கறையாக என்னை யாரும் விசாரித்ததில்லை. நெகிழ்ந்தே போனேன். காலை உணவுக்கு இங்கே அதுதான் பெயர் என்பது கடைக்குப் போன பிறகு புரிந்தது. பாலிங் இருக்கும் கெடா மாநிலத்தில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை, ஞாயிறு முழு வேலைநாள் என்பதும் அங்கேதான் தெரிந்தது. எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடை வரிசையில் நிற்க வேண்டிய நேரத்தில், நான் ரொட்டி சானாயைப் பருப்புக் குழம்பில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தேன். பரோட்டாவின் தங்கை என்று சொல்லலாம், ஆனால் அக்காளைவிட மெல்லிசு, மொறுமொறுப்பும் அதிகம். மூன்று சாப்பிட்டேன். டீதான் படுத்தியது. கெட்டிப்பாலை அடியில் ஊற்றி இனிப்பைக் கொட்டியிருந்தார்கள். பரமேஸ்வரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தே ஓ கோசோங்" என்று கடைக்காரருக்குக் குரல் கொடுத்தார். பாலும் சர்க்கரையும் இல்லாத டீ வந்தது. ஐந்து நாளும் என் உயிரைக் காப்பாற்றியது அதுதான்.

பக்கத்து மேசையில் இரண்டு மலாய்ப் பெரியவர்கள் என்னைப் பார்த்து ஏதோ பேசிச் சிரித்தார்கள். என்ன என்று கேட்டேன்.

"ஆளு புதுசு, ஆனா வாசம் நம்ம ஊரு வாசங்கிறாங்க" என்றார் பரமேஸ்வரி. முந்தின நாள் லாரி, குளித்தும் என்னை விடவில்லை.

தொழிற்சாலைக்குள் அந்த நாற்றத்துக்கு அர்த்தம் கிடைத்தது. ஒட்டுப்பால் கட்டிகளை வெட்டி, கழுவி, மறுபடி வெட்டி, மறுபடி கழுவி, உருளைகளுக்கிடையே விட்டுக் கம்பளம்போல் இழுத்து, பொடியாக்கி, சூட்டறையில் உலர்த்தி, கடைசியில் அழுத்திக் கட்டிகளாக்குகிறார்கள். அந்தப் பழுப்புக் கட்டிகள் பார்ப்பதற்கு அச்சாக மைசூர்பாகு. முதல் கட்டியைத் தூக்கப் பார்த்தேன். முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும், இடுப்பு மறுத்துவிட்டது.

இந்த வரிசை முழுவதையும் பி.எல்.சி. என்கிற தலைமைப் பெட்டி ஒன்று நடத்துகிறது. அது கட்டுப்பாட்டு அறையில் குளிர்சாதனத்தில் உட்கார்ந்திருக்கும். களத்தில் பதினான்கு பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு மாட்யூல்: 'தண்ணீர் வருகிறது', 'சூடு ஏறிவிட்டது', 'மோட்டார் நின்றுவிட்டது' என்று தலைமைக்குச் செய்தி சொல்லி, அது இடும் கட்டளையை வாங்கி நிறைவேற்றும். பதினான்கையும் ஒரே கேபிள் வரிசையாகத் தொட்டுச் செல்கிறது. ஒவ்வொரு மாட்யூலுக்கும் ஓர் எண் உண்டு. நெற்றியில் இருக்கும் இரண்டு குட்டித் திருகுகளைத் திருப்பி அதை வைக்க வேண்டும். எண் மாறினால் ஒருவன் வீட்டுக் கடிதம் இன்னொருவன் வீட்டுக்குப் போகும். பழைய மாட்யூல்களை இப்போது யாரும் தயாரிப்பதில்லை, அதனால்தான் புதியவை, அதனால்தான் நான்.

முதல் பெட்டியைத் திறந்ததும் திகைத்துவிட்டேன். மாட்யூலின் நெற்றியில் நிஜமாகவே சந்தனமும் குங்குமமும். பல ஆண்டுகளின் ஆயுதபூசை அடுக்கடுக்காகக் காய்ந்து கிடந்தது. எண் வைக்கும் திருகுகளே தெரியவில்லை. பல் குத்தும் குச்சியால் சுரண்டி எண்ணைப் படித்தோம்.

"புதுசுக்கும் வெக்கலாம்ல அண்ணே?" என்று கையில் குங்குமச் சிமிழோடு நின்றார் பரமேஸ்வரி.

"ஏனுங்க, காத்துப் போற ஓட்டை எல்லாம் அடைஞ்சு போயிருமுங்க. கதவுக்கு வையுங்க, மாட்யூலுக்கு வேண்டாமுங்க."

"நீங்க திட்டுறப்பவும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவீங்களா?" என்று கேட்டுவிட்டு, கதவுக்குப் பொட்டு வைத்தார்.

இரண்டு பெட்டிகளை நான் மாற்றுவதைப் பார்த்தார். மூன்றாவதைத் தானே மாற்றினார். நான்காவதிலிருந்து நான் வெறும் மேற்பார்வை. கம்பிகளை அவிழ்க்கும் முன் ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படம் எடுத்தார், எண்ணை இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் திருகைத் தொட்டார். எங்கள் ஊரில் என்னிடம் வேலை கற்றவர்கள் பலர் பத்தாவது பெட்டியில்கூட இவ்வளவு நிதானத்துக்கு வந்ததில்லை. திங்கட்கிழமை மாலைக்குள் பதினான்கும் முடிந்துவிட்டன.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். கேபிளில் செய்தி ஓடும் வேகத்தை நாம்தான் வைக்கிறோம். கேபிள் நீளமாக இருந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும், குட்டையாக இருந்தால் கூட்டலாம். வரைபடத்தில் மொத்த நீளம் நூற்றெண்பது மீட்டர் என்று போட்டிருந்தது. ஆனால் பழைய அமைப்பில் வேகம் மிகக் குறைவாக இருந்தது. எவனோ ஒரு சோம்பேறி அப்படியே விட்டுப் போயிருக்கிறான் என்று முடிவுகட்டி, எட்டு மடங்கு ஏற்றினேன். இருநூறு மீட்டர் வரை தாங்குகிற வேகம் அது.

"அண்ணே, பழைய மாதிரியே வுட்டுடலாமே? நல்லாத்தானே ஓடிக்கிட்டு இருந்திச்சு" என்றார் பரமேஸ்வரி.

"புதுக் கார் வாங்கிட்டு மாட்டுவண்டி வேகத்துல ஓட்டுவீங்களா?" என்றேன். அவர் சிரித்துவிட்டு விட்டுக்கொடுத்தார். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பார்களே, அதை நான் மடிக்கணினியில் செய்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குச் சோதனை ஓட்டம். மேனேஜர் என்சிக் ஹஷீம் வந்தார்; என்சிக் என்றால் மலாயில் 'ஐயா' போல. இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை, பையில் ஒரு பேனா, அக்குளில் ஒரு கோப்பு. என்னிடம் ஆங்கிலத்திலும் பரமேஸ்வரியிடம் மலாயிலும் பேசினார். அவர் வைத்த நிபந்தனை எளிமையானது: எட்டு மணி நேரம் வரிசை நிற்காமல் ஓட வேண்டும். கோப்பில் என்ன இருக்கிறது என்று பரமேஸ்வரி என் காதில் சொன்னார். அவரை நிரந்தரமாக்கும் கடிதம், கையெழுத்தில்லாமல்.

ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடியது. பெரிய மோட்டார்கள் எல்லாம் ஒன்றாகச் சுமை ஏற்றிக்கொண்ட நேரத்தில், திரையில் பதின்மூன்றும் பதினான்கும் சிவந்து காணாமல் போயின. அவை இரண்டும் ஆலைக்கு வெளியே இருக்கும் பம்ப் அறைப் பெட்டிகள். தண்ணீர் நின்றது, தண்ணீர் நின்றதால் எல்லாம் நின்றன. மறுபடி ஓட்டினோம். அரைமணி நேரத்தில் மறுபடி நின்றது.

என்சிக் ஹஷீம் கேபிளைப் பார்த்துக்கொண்டே நடந்து, ஒன்பதாவது பெட்டியில் நின்றார். மற்ற பெட்டிகளில் கேபிளை மாட்டும் இணைப்பிகள் பழையவை, அங்கே மட்டும் புதிது.

"இது யார் போட்டது?"

"நான்தான். போன வருசம் எலி கடிச்சிடுச்சி" என்றார் பரமேஸ்வரி.

மேனேஜர் கோப்பில் ஏதோ எழுதினார். பரமேஸ்வரி அந்த இணைப்பியை வெட்டிப் புதிதாகப் போட்டார். வரிசை மூன்றாம் முறையும் நின்றது. "நாளை ஒரு நாள் பார்க்கலாம்" என்று மேனேஜர் போய்விட்டார். நானும் கேபிளைத்தான் குறை சொன்னேன். பத்து வருடம் மண்ணில் கிடந்த கேபிள், என்ன எதிர்பார்க்க முடியும் என்று. பரமேஸ்வரி குழாயடியில் போய் வெகுநேரம் கை கழுவினார். தவறு எங்கே என்று தெரியவில்லை, ஆனால் பழி யார்மேல் விழுகிறது என்று நன்றாகத் தெரிந்தது.

திரும்பி வந்தவர், "வாங்கண்ணே, இன்னிக்கி பாசார் மாலாம். லக்சா சாப்பிடுவோம்" என்றார். பாசார் மாலாம் என்றால் இரவுச் சந்தை. பெயர்தான் இரவு, ஐந்து மணிக்கே களைகட்டிவிடுகிறது. அன்பழகன் எங்களோடு சேர்ந்துகொண்டார். பின்னால் பாலிங் மலை வெள்ளைப் பாறையாக நிற்க, கீழே ஒரு தெரு முழுக்க எண்ணெய்ச் சத்தம். பொரித்த வாழைப்பழம், தீயில் வாட்டிய கோழி, பச்சை நிறத்தில் புழுப்போல் நெளியும் செண்டோல் என்கிற இனிப்பு. எங்கள் ஊர்ப் பொருட்காட்சியில் அப்பளம் தின்ன வரிசையில் நிற்பதுபோல இங்கே எல்லாவற்றுக்கும் வரிசை, ஆனால் யாரும் யாரையும் இடிக்கவில்லை. அதை மட்டும் கொஞ்சம் பொட்டலம் கட்டி ஊருக்குக் கொண்டுவர முடிந்தால் நன்றாயிருக்கும்.

லக்சாக்கார அம்மாள் மலாயில் பரமேஸ்வரியிடம் கேட்டார். அன்பழகன் எனக்கு மொழிபெயர்த்தார்.

"இவர்தான் இந்தியாவிலிருந்து வந்த மிஷின் டாக்டரா?"

"ஆமா."

"நோயாளிக்கு எப்படி இருக்கு?"

"டாக்டருக்கே இன்னும் தெரியல."

மூன்று பேரும் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் நானும் கலந்துகொண்டேன். மீனை வேகவைத்து மசித்த புளிக்குழம்பில் அரிசிநூல், மேலே வெள்ளரி, வெங்காயம், ஏதோ ஒரு பூவின் துண்டு. கவலையில் சாப்பாடு இறங்காது என்பார்கள். எனக்கு இரண்டு கிண்ணம் இறங்கியது. அன்பழகன்தான் பாதியில் கரண்டியை வைத்துவிட்டு, "ஜொகூர்ல லக்சா வேற மாதிரி இருக்கும். ஸ்பகெட்டியில செய்வாங்க" என்றார்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கே பரமேஸ்வரியிடம், கேபிளை முழுக்க நடந்து பார்த்துவிடலாம் என்றேன். எங்கேயாவது நசுங்கியிருக்கிறதா, நீர் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பன்னிரண்டாவது பெட்டிவரை ஒன்றும் இல்லை. அங்கிருந்து கேபிள் சுவரைத் துளைத்து வெளியே போய்ப் பம்ப் அறைக்குச் செல்கிறது. வரைபடத்தில் நேர்கோடு, முப்பது மீட்டர். வெளியே வந்து பார்த்தால் எதிரே ஒரு பெரிய ஆலமரம், அதன் அடியில் தகரக் கூரை போட்ட முனீஸ்வரர் கோயில். பம்ப் அறையின் கூரை கோயிலுக்கு நேர் பின்னால் தெரிந்தது.

பரமேஸ்வரி குனிந்து பாதுகாப்பு பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தார்.

"ஏனுங்க, கேபிள் பாக்கப் போறப்ப எதுக்குங்க பூட்ஸைக் கழட்டறீங்க?"

"கேபிள் சாமியைச் சுத்தித்தானே போவுது" என்றார், இதைக்கூடவா கேட்பார்கள் என்பதுபோல.

அங்கே பூட்ஸ் வைக்க ஒரு தட்டே இருந்தது. 'பூட்ஸ் இல்லாமல் நடமாடாதீர்கள்' என்று மலாயில் எழுதிய ஆலைப் பலகைக்குக் கீழேதான் அந்தத் தட்டு. நானும் கழற்றிவிட்டுப் பின்னால் போனேன். கேபிள் போன குழாய் கோயில் நிலத்துக்குள் இறங்கவே இல்லை. இடப்பக்கம் திரும்பி, வேலியை ஒட்டி, ஆலமரத்தின் கடைசி விழுதுக்கும் அப்பால் சுற்றி, பின்பக்கம் முழுவதும் கடந்து, அடுத்த மூலையில் வளைந்து பம்ப் அறைக்குள் நுழைந்தது.

"யாருங்க இப்படிப் போட்டது?"

"சீன மொதலாளி, தவுக்கே ஒருத்தருதான் கொன்ட்ரெக்ட் எடுத்தாரு. கோயில் எடத்துல தோண்ட மாட்டோம்னு நம்ம ஆளுங்க கடப்பாரைய கீழ வெச்சிட்டாங்க. தவுக்கேயும் ஊதுபத்தி ஏத்திக் கும்பிட்டுட்டு, சரி, சுத்தியே போவோம்னுட்டாரு."

"சரி, சுத்தறதுதான் சுத்துனாங்க. அந்தப் பக்கமா போயிருந்தா பாதி தூரம்தானேங்க?"

"என்னண்ணே நீங்க? சாமியை வலமா வருவாங்களா, எடமா வருவாங்களா?"

நான் தொடங்கிய இடத்துக்குத் திரும்பிப் போய், சரளைக்கல் குத்தக் குத்த அடிகளை எண்ணிக்கொண்டே மறுபடி வலம் வந்தேன். நூற்று அறுபது காலடி வைத்தேன். என் நடைக்கு நூற்றுப் பத்து மீட்டருக்குக் குறையாது. வரைபடத்தில் முப்பது. மொத்த நீளம் இருநூற்று அறுபது. நான் வைத்த வேகம் தாங்குவது இருநூறு. மிச்சத் தூரத்தில் நலிந்த செய்தியைப் பெரிய மோட்டார்களின் மின்னிரைச்சல் விழுங்கியிருக்கிறது. முனீஸ்வரருக்கு நேர் எதிரே நின்று நெற்றியில் அடித்துக்கொண்டு சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

"அண்ணே! சாமி கீமி ஏறிடுச்சா?" என்று பரமேஸ்வரி பயந்துபோனார்.

"இல்லீங்க, இறங்கிருச்சுங்க" என்றேன்.

முன்பு வேகத்தைக் குறைத்து வைத்தவன் சோம்பேறி இல்லை. அவன் இந்த மண்ணில் நடந்து பார்த்தவன். நான் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து தாளைப் பார்த்தவன். உலர்வதற்கே மணிக்கணக்கில் எடுத்துக்கொள்கிற ரப்பருக்கு, செய்தி ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு முந்திப் போய் என்ன ஆகப்போகிறது? வரைபடத்தில் இதை ஏன் யாரும் குறிக்கவில்லை என்று ஆற்றாமையோடு கேட்டேன்.

"எல்லாருக்கும் தெரிஞ்சத யாருண்ணே எழுதி வெப்பாங்க?" என்றார்.

யானைக்கும் அடி சறுக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன். யானைக்குச் சறுக்கினால் அது யாரிடமும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அந்த வசதி இல்லை. தவறு என்னுடையது, கேபிளை நடந்து அளக்காமல் வேகத்தை ஏற்றிவிட்டேன், பழையபடி விடச் சொன்ன பரமேஸ்வரியின் பேச்சையும் கேட்கவில்லை என்றேன்.

"அப்படியென்றால் ஒன்பதாவது பெட்டியின் இணைப்பி?"

"அது நன்றாக இருக்கிறது. நேற்று அதை வெட்டியதே வீண்."

என்சிக் ஹஷீம் பேனாவை மேசையில் உருட்டினார். "நீங்கள் உண்மையைச் சொன்னது சரி. ஆனால் என் கவலை வேறு. ஒரு சின்னப் பெட்டி கெட்டுப்போனால் ஒவ்வொரு முறையும் விமானத்தில் ஆள் கூப்பிட முடியுமா? வெளி கம்பெனிக்காரன் ஒரு மணி நேரத்தில் காரில் வந்துவிடுவான்." சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று மலாய்க்காரர்களுக்கும் தெரிந்திருக்கிறது. ஒன்பது மணிக்கு மறுபடி ஓட்டிப் பார்க்க ஒப்புக்கொண்டார்.

மேனேஜர் சொன்னதைப் பரமேஸ்வரியிடம் சொல்லிவிட்டு, வேகத்தைக் குறைக்கும் வேலையை அவரிடமே கொடுத்தேன். மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி, பழைய வேகத்தையே வைத்து, தலைமைப் பெட்டிக்கு அனுப்பினார். வரிசை எழுந்தது. பெரிய மோட்டார்கள் ஒவ்வொன்றாகச் சுமை ஏற்றிக்கொண்டன. பதின்மூன்றும் பதினான்கும் பச்சையாகவே இருந்தன. பதினொரு மணி ஆனது. பன்னிரண்டு ஆனது. வேலையாட்கள் சும்மா ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு கட்டுப்பாட்டு அறைக் கண்ணாடி வழியாகத் திரையை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். சாப்பாடு அங்கேயே வந்தது: இலைத்தாளில் சோறு, கோழிக்குழம்பு, கத்தரிக்காய், தனிப் பொட்டலத்தில் சம்பால் என்கிற மிளகாய்த் துவையல். ஒட்டுப்பால் வாசனை நடுவே கையால் பிசைந்து சாப்பிட்டேன். அன்பழகன் சொன்னது சரிதான், மூக்கு எப்போதோ பழகியிருந்தது.

அவர் அன்று இரண்டு நடை மட்டும் அடித்துவிட்டு, லாரியை வாசலிலேயே நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மணிக்கு ஒருமுறை ஹாரன் அடித்தார். 'இன்னும் ஓடுதா?' என்று அர்த்தம். உள்ளேயிருந்து யாராவது கைகாட்டுவார்கள்.

மாலை ஐந்து மணிக்கு எட்டு மணி நேரம் நிறைந்தது. ஆலை முழுக்கக் கைதட்டல். என்சிக் ஹஷீம் உள்ளே வந்து திரையைப் பார்த்தார், என் கையைப் பிடித்துக் குலுக்கினார், நன்றி சொன்னார். என் கையை மட்டும்தான். கோப்பு அக்குளிலேயே இருந்தது. திரும்பி வாசலை நோக்கி நடந்தார்.

"என்சிக், ஒரு நிமிஷம்" என்றார் பரமேஸ்வரி. பிறகு மலாயில் வேகமாகப் பேசினார். மேனேஜரின் புருவம் ஏறியது. என்ன சொன்னார் என்று அப்புறம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நன்றாக ஓடுகிற வரிசையை நிறுத்தப் போகிறேன், நீங்கள் கடிகாரத்தைப் பாருங்கள் என்றிருக்கிறார்.

பரமேஸ்வரி வரிசையை நிறுத்தினார். பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கோயிலைச் சுற்றிப் பம்ப் அறைக்கு ஓடினார். நாங்களும் பின்னால் ஓடினோம். என்சிக் ஹஷீமும் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, இஸ்திரி மடிப்போடு வேலியோரமாக ஓடிவந்தார். பதின்மூன்றாவது பெட்டியைத் திறந்து, மின்சாரத்தைத் துண்டித்து, நல்ல மாட்யூலை உருவி எடுத்து என் கையில் கொடுத்தார் பரமேஸ்வரி. மிச்சமிருந்த இரண்டு புதியவற்றில் ஒன்றை உறையிலிருந்து பிரித்தார்.

நான் உதவப் போனேன்.

"அண்ணே, அத அப்படி வெச்சிட்டு, ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிங்க" என்றார்.

கட்டிக்கொண்டேன். கம்பிகளைப் படத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக மாட்டினார், மின்சாரம் கொடுத்தார், பிறகுதான் எண் திருகைத் திருப்பினார். விளக்கு சிவப்பாகவே நின்றது. எனக்குக் காரணம் தெரிந்தது. மின்சாரம் இருக்கும்போது திருகைத் திருப்பினால் அது எண்ணை ஏற்காது, ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். என்சிக் ஹஷீம் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே அன்பழகனின் ஹாரன் அடித்தது, கைகாட்ட யாரும் இல்லை.

பரமேஸ்வரி கண்ணை மூடினார். உதடு அசைந்தது, செய்த வேலையை முதலிலிருந்து சொல்லிப் பார்க்கிறார் போல. சட்டென்று கண்ணைத் திறந்து, மின்சாரத்தை அணைத்தார், மூன்றுவரை எண்ணினார், போட்டார். பச்சை.

பம்ப் உறுமியது. குழாயில் தண்ணீர் பாயும் சத்தம் கோயிலைச் சுற்றிக்கொண்டு ஆலைக்குள் போனது. என்சிக் ஹஷீம் கடிகாரத்தைப் பார்த்து, "பதினொரு நிமிடம்" என்றார் ஆங்கிலத்தில். பிறகு, "வெளி கம்பெனிக்காரன் இந்நேரம் காரையே எடுத்திருக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டு, ஷூக்களை என் பக்கத்தில் தரையில் வைத்தார். கோப்பைப் பெட்டியின்மேல் விரித்துக் கையெழுத்துப் போட்டு, தாளைப் பரமேஸ்வரியிடம் நீட்டினார்.

அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். மேலிருந்து கீழ்வரை படித்தார். மறுபடி மேலிருந்து படித்தார். கண் நிறைந்துவிட்டது, முகம் முழுக்கச் சிரிப்பு. என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, இனிமே நீங்க ஊருக்குப் போலாம் லா."

இத்தனை வருடத்தில் எத்தனையோ ஆலைகளில் எனக்கு மாலை போட்டிருக்கிறார்கள், பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள். இப்படி ஒரு சந்தோஷம் எதிலும் வந்ததில்லை. வாழ்த்துச் சொல்லக் கை நீட்ட நினைத்தபோதுதான், இரண்டையும் இன்னும் பின்னால் கட்டிக்கொண்டே நிற்கிறேன் என்று தெரிந்தது.